உறை மஞ்சள்

வித்த நடவண்டியெல்லாம் தானா உருண்டு திரும்பி வந்த அன்னிக்கு செவக்காட்டூர்ல யாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கல. மொதல்ல வந்தது கோவந்தான், அதுவும் தென்காசி பஸ் டிரைவருக்கு. ஏன்னா ரோட்டு நடுவுல, பிள்ளை நடக்கப் பழகுத அந்த மூணு சக்கர மர வண்டி, பிடிச்சுக்கப் பிள்ளையும் இல்லாம, பின்னால தள்ள ஆளும் இல்லாம, ஆரன் அடிச்சாலும் ஒதுங்காம, தாலுகா ஆபீசுக்கு நேரமாயிட்டுன்னு விறுவிறுன்னு போற தலையாரி மாதிரி கடகடன்னு போயிக்கிட்டிருந்துச்சு. டிரைவர் தலைய வெளிய நீட்டி, "ஏய், யாரு வண்டிவே இது? ஓரமாப் போகச் சொல்லும்வே"ன்னு கத்துனாரு. கண்டக்டர் எட்டிப் பாத்தான். கைக்கட்டை மஞ்சளா இருந்துச்சு. "பட்டறத் தெரு வண்டிண்ணே, வீட்டுக்குப் போவுது, வழி விடுங்க"ன்னு சொல்லி விசிலடிச்சான். அவ்வளவுதான், பஸ் வழி விட்டுட்டு.

வண்டி பட்டறத் தெருவுக்குள்ள திரும்பி, ஒரு கோழிய விரட்டி, ஒரு கோழிக்கு ஒதுங்கி, பிரமாச்சி வீட்டு நெலப்படியில வந்து மெதுவா ஒரு முட்டு முட்டி நின்னுச்சு. பிரமாச்சி அடுப்படியில பிள்ளைக்குப் பருப்புச்சோறு பெசஞ்சுக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டு எச்சிக் கையோட வெளிய வந்தவ வண்டியப் பாத்தா, தெருவப் பாத்தா, திரும்பவும் வண்டியப் பாத்தா. கைக்கட்டையில பாதி மஞ்சள்தான் இருந்துச்சு. மீதிய ஏதோ ஒரு பிள்ளை பால்பல்லால கொறிச்சு எடுத்திருந்துச்சு.

"இந்தாங்க, செத்த இங்க வாங்க."

புருசன் குத்தாலம் கையில உளியோட வந்தான். வண்டியக் கவுத்திப் போட்டு, சக்கரத்துல தான் அடிச்ச ஆணியத் தடவிப் பாத்தான். "நம்மதுதான். போன ஆடி அமாவாசையில வித்தது"ன்னான். பொறவு பொண்டாட்டி மொகத்தப் பாத்து, "ஏளா, நீ கூப்பிட்டேல்லா? வந்திருக்கு"ன்னான்.

ஆமா, அவ கூப்பிட்டிருந்தா.

அது முந்தின நாள் நடந்தது. பட்டறத் தெருவுல ரெண்டு பக்கமும் நடவண்டி செய்யுத வீடுங்கதான். ஆம்பளைங்க மரம் அறுத்து எழைச்சு மாட்டிக் குடுப்பாங்க, பொம்பளைங்க பெயிண்ட் அடிப்பாங்க, சக்கரத்துக்குச் செவப்பு, காலுக்குப் பச்சை, பிள்ளை பிடிச்சுக்கிட்டு நடக்குத கைக்கட்டைக்கு எப்பவும் மஞ்சள். பிள்ளைங்க சாமான்ல காரீயம் இருக்கக் கூடாதுன்னு ரூல் வந்ததும், தெரு மொத்தமும் பழைய டப்பாவெல்லாம் ஒதுக்கிட்டு, பிள்ளை படம் போட்ட புது டப்பாவா வாங்குச்சு. அந்தப் பெயிண்ட்டு வெலையும் சாஸ்தி, வெயில்லயும் காயாது, மழையிலயும் காயாது, மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி ஈரம் குறையாம அப்படியே உக்காந்திருக்கும். இருந்தாலும் அடிச்சாங்க. ரூல் படி ஒரு வண்டிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புனாங்க. அங்க அத ஒடச்சு, நெறம் நெறமாச் சொரண்டி, தனித்தனியாப் பாத்தாங்க. தெருச் சங்கத் தலைவர் சங்கிலி ஆசாரி அத நெனச்சு நெனச்சு வயிறெரிஞ்சாரு: "பிளாஸ்டிக் கம்பெனிக்காரன் லெச்சம் வண்டி செய்யுதான், ஒண்ண ஒடைக்கான். நாம ஒரு லோடு மரத்துக்குச் செய்யுததே வெரல் விட்டு எண்ணுத வண்டி, அதுலயும் ஒண்ண ஒடைக்கணும், ஒடைக்கிதவனுக்குக் கூலியும் நாமளே குடுக்கணும், நல்லா ஒடச்சேன்னு அவன் தார சர்டிபிகேட்ட மாலை போட்டுக் கும்பிடணும்!"

அந்தச் சர்டிபிகேட்டும் வரல. ஆபீசரம்மாதான் வந்தா. சின்ன வயசு, கண்ணாடி, கையில பைலு, யாரையும் கடிஞ்சு பேசத் தெரியாத கொரலு.

"செவப்பு பாஸ். பச்சை பாஸ். மஞ்சள் பெயில்."

"புதுப் பெயிண்ட்டும்மா அது!"

"தெரியும். டப்பாவையும் டெஸ்ட் பண்ணினோம். டப்பாவுல ஒண்ணும் இல்ல. வண்டியிலதான் இருக்கு. நடுவுல என்னமோ நடக்குது. என்னமும் கலக்கறீங்களா?"

தெருவே ஒத்த வாயா, "கலப்படமா? நாங்களா?"ன்னு கேட்டுச்சு. யாரோ பின்னாலருந்து, "எங்க வீட்ல ஈயச் சொம்புலதான் ரசமே வைக்கோம், எல்லாரும் கல்லு கணக்கா இருக்கோம்"னு சொன்னாங்க. "அது வேறம்மா, வெள்ளீயம். இது காரீயம். பிள்ளை கடிச்சு வாய்ல போனா ரத்தத்துக்குப் போவும், மூளைக்குப் போவும். காச்சல் வராது, இருமல் வராது. ஒண்ணுமே தெரியாது. அதான் பயம்"னு ஆபீசர் சொன்னா. ஜில்லா ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்கன்னும் சொன்னா. அப்போ பிரமாச்சி இடுப்புல அவ பிள்ளை மைனா இருந்தா. கலியாணமாயி வருசக்கணக்குல கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பொறந்தவ. இப்பதான் கட்டையப் பிடிச்சு எந்திரிக்கப் பழகுதா. ஆபீசர் "மூளைக்கு"ன்னு சொன்ன நேரத்துல பிரமாச்சி கை தானா மைனா தலைய மூடுச்சு, மழைக்கு மூடுத மாதிரி.

"இனிமே விக்கக் கூடாது. அடுத்த வாரம் இன்னொரு வண்டி சாம்பிள் எடுப்பேன், அதுவும் பெயிலானா பட்டறைங்களுக்குச் சீல் வைக்கணும். அப்பறம், ஏற்கெனவே வித்ததையெல்லாம் நீங்க திரும்பக் கூப்பிடணும்"னு ஆபீசர் வாசிச்சா.

பயம் வந்தா பிரமாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. அவ யாரு மாதிரியும் பேசுவா. சாவு வீட்ல செத்தவரு மாதிரியே இருமிக் காட்டி, அழுதவங்களச் சிரிக்க வச்சவ. பிள்ளையப் புருசன்ட்ட குடுத்துட்டு, நடுத்தெருவுல எறங்கி, ஆபீசர் மாதிரியே மூக்குல இல்லாத கண்ணாடியத் தள்ளிவிட்டு, "வித்ததையெல்லாம் திரும்பக் கூப்பிடணும்"னு அதே கொரல்ல சொல்லிட்டு, முந்தானைய விரிச்சுப் பிடிச்சு, சாயங்காலம் கோழியக் கூட்டுக்குக் கூப்பிடுத மாதிரி, நாலு தெசைக்கும் திரும்பித் திரும்பி, "பா... பா... பா... பா..."ன்னு நீட்டி முழக்கிக் கூப்பிட்டா. தெரு சிரிச்சுச்சு. சங்கிலி ஆசாரி வேட்டி அவுந்துபோற அளவுக்குச் சிரிச்சாரு. ஆபீசரம்மாவுக்கே சிரிப்பு வந்து பைலால மொகத்த மூடிக்கிட்டா.

கூப்பிட்டது கேட்டிருச்சு.

மொத வண்டி வந்த அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தெருவுல வழி இல்லாமப் போச்சு. பக்கத்து ஊருலருந்து வந்ததுங்க, வயக்காட்டு வரப்புல வந்ததுங்க, ஆத்துல எறங்கி நனஞ்சு வந்ததுங்க. பரண்ல கெடந்ததெல்லாம் ஒட்டடையோட வந்துச்சு. பழைய சாமான் கடையில எடைக்குப் போட்ட ஒண்ணு, ஒத்தச் சக்கரம் இல்லாம நொண்டி நொண்டி வந்துச்சு. அதுக்குத்தான் ஊரே ரொம்ப எரக்கப்பட்டுச்சு. மறுநாளு திருநெவேலிப் பக்கத்துலருந்து வர ஆரம்பிச்சுச்சு. அதுக்கடுத்து மதுரப் பக்கம். ஊரு ஒவ்வொண்ணாப் பழகிக்கிடுச்சு. ரயில்வே கேட்டு ஆளு, வண்டி வந்தா ரெண்டு நிமிசம் பொறுத்துக் கேட்டச் சாத்துனாரு. டீக்கடைக்காரர் பெஞ்ச ஒரு முழம் உள்ள தள்ளிப் போட்டாரு. வாத்தியாரு பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து, "பாருங்க, சொன்ன தெசையில போற சாமானுக்குக்கூட ஒழுக்கம் இருக்கு"ன்னு பாடம் எடுத்தாரு. கோயில் கொடைக்கு வில்லிசை வைக்கலாமா நடவண்டிக்குப் பந்தல் போடலாமான்னு கோயில் வரி குடுக்குதவங்க கூடிப் பேசி, ரெண்டும் வச்சிருவோம்னு முடிவு பண்ணுனாங்க. இளவட்டப் பயலுவ, எந்த வண்டி முந்தும்னு ரோட்டு விலக்குல நின்னு கூவிக்கிட்டுக் கெடந்தானுவ.

சிரிக்காம இருந்தது ரெண்டு பேருதான். ஒண்ணு பிரமாச்சி. வாசல்ல வந்து நிக்கிற ஒவ்வொரு வண்டியோட கைக்கட்டையையும் அவ குனிஞ்சு பாத்தா. எல்லாத்துலயும் பல்லு. ஒண்ணுல மேல்பல்லு மட்டும், ஒண்ணுல மேலயும் கீழயும், ஒண்ணுல ஓரமாக் கிளி கொத்துன மாதிரி, ஒண்ணுல மஞ்சளே இல்ல, மரந்தான் வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. இவ்வளவு மஞ்சளும் எங்க போயிருக்கும்? போன எடம் அவளுக்குத் தெரியும். அங்கருந்து அத யாரு திரும்பக் கூப்பிட?

இன்னொண்ணு சங்கிலி ஆசாரி.

"ஏ குத்தாலம், இங்க வா. இந்த வண்டி யாரு செஞ்சது?"

"நீங்கதான் அண்ணாச்சி. சக்கரத்துல நீங்க கொத்துன அடையாளம் இருக்கே."

"அப்போ அது எங்க வாசல்ல வந்துல்லா நிக்கணும்? ஒங்க வாசல்ல எதுக்கு நிக்கி? நேத்துலருந்து பாக்குதேன், எதுத்த வீட்டுக் கருப்பையா செஞ்சதும் இங்கதான் வருது, நான் செஞ்சதும் இங்கதான் வருது. என் வாசல மிதிக்கவே மாட்டேங்கு. நாய்க்குட்டி மாதிரித் தூக்கிட்டுப் போயி எங்க வீட்ல வுட்டேன், ராத்திரிக்குள்ள திரும்பி இங்க வந்துட்டு. என்னடே சொக்குப்பொடி போட்டிருக்க?"

குத்தாலம் சிரிச்சான். உள்ள, கதவுக்குப் பின்னால நின்ன பிரமாச்சி கதவ இன்னும் கொஞ்சம் சாத்துனா. ஏன்னா, அண்ணாச்சி செஞ்ச வண்டி எதுக்கு இங்க வருதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

உறை.

அவ கலியாணமாயி வந்த புதுசுல, லாரிக்குப் பாடி கட்டுத கொட்டகையிலருந்து ஒரு டப்பா மஞ்சள் வாங்கிட்டு வந்தா. அது மஞ்சள்னா மஞ்சள், கொன்றைப்பூ கெட்டுது போ, பத்து வருச வெயிலடிச்சாலும் லாரி நெத்தியில மங்காத மஞ்சள். அந்த மஞ்சள் அடிச்ச வண்டி சந்தையில நின்ன எடத்துலயே வித்துச்சு. அன்னிக்குலருந்து அவ அந்த டப்பாவத் தொடைச்சு எடுத்ததே இல்ல. அரிசிப் பானைய வழிச்சு எடுக்கக் கூடாது, உப்பு மரவைய வெறுமையா வைக்கக் கூடாது, அதே மாதிரித்தான். டப்பா அடியில ஒரு கரண்டி மிச்சம் வச்சு, புது டப்பா ஒடச்சதும் அதுல ஊத்திக் கலக்கி, அதுல ஒரு கரண்டிய அடுத்த டப்பாவுக்கு எடுத்து வச்சு, பாலுக்கு உறை ஊத்துத மாதிரி, பழசு புதுசுக்கு வழி காட்டும்னு, ராசி விட்டுப் போகாதுன்னு. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களும் உறைமோருக்கு வார மாதிரி செரட்டையோட வருவாங்க: "மதினி, ஒரு கரண்டி உறை மஞ்சள் தாங்க." அவளும் இல்லன்னு சொன்னதில்ல. உறை இல்லன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? தெருவுல எந்தப் பட்டறையிலயும் அவ கரண்டி படாத மஞ்சள் இல்ல. ஆம்பளைங்களுக்கு இது தெரியாது. தயிர் எப்படித் தோஞ்சுதுன்னு எந்த ஆம்பளை கேட்டான்?

பிள்ளை படம் போட்ட புது டப்பா வந்தப்பவும், கெட்டதெல்லாம் ஒதுக்குனப்பவும், அவ அந்த ஒரு கரண்டிய மட்டும் ஒதுக்கல. ஊத்துனா.

இத யார்ட்ட சொல்ல? சொன்னா, தெருவே அவ வாசல்லதான் வந்து நிக்கும், வண்டிக மாதிரி. சொல்லலன்னா? அவ ஒரு ஆறுதலப் பிடிச்சுக்கிட்டா. மைனாவுக்குன்னு குத்தாலம் தனியா ஒரு வண்டி செஞ்சிருந்தான், பூவரசுல, வளைவா, அவளே மஞ்சள் அடிச்சது. ஊரு ஒலகத்துலருந்து எல்லா வண்டியும் உருண்டு வருது, மைனா வண்டி மட்டும் வீட்டு மூலையில கம்முனு நின்னுச்சு. ஒரு அசைவு இல்ல. மைனா அதப் பிடிச்சுத் தள்ளுனாத்தான் நகந்துச்சு, இல்லன்னா தூங்குச்சு. "பாத்தியா, நம்ம வண்டி அசையல. அப்போ அதுல ஒண்ணும் இல்ல. உறையில கெடுதலில்ல, வேற என்னமோ"ன்னு அவளே அவகிட்ட சொல்லிக்கிட்டா. ஒரு நாளைக்கு நூறு தடவ அந்த மூலைய எட்டிப் பாத்தா. அசையல. நிம்மதி. திரும்பவும் போயிப் பாத்தா.

அப்பதான் ரோஸ்லின் வந்தா. ஆலடிப்பட்டிக்காரி, அவ பிள்ளை பிடிச்சுக்கிட்டிருக்கும்போதே வண்டி கையிலருந்து உருவிட்டு ஓடிருச்சு, பிள்ளை குப்புற விழுந்து ஒதடு கிழிஞ்சுபோச்சு. பிள்ளைய இடுப்புல வச்சு வண்டி பின்னாலயே மேலுமூச்சு கீழ்மூச்சு வாங்க நடந்து வந்திருந்தா.

"யாரு இங்க நடவண்டி செய்யுதது? வெளிய வாங்க. எம்பிள்ளை அத மூணு மாசமாக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கான், வெஷம்னு பஸ்ல பேசிக்கிடுதாங்க, நெசமா பொய்யா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க போதும், நான் போயிருதேன்."

பிரமாச்சி வாயத் தொறந்தா. அவளுக்கு முன்னால சங்கிலி ஆசாரி பதில் சொல்லிட்டாரு: "ஏம்மா, வெஷம்னா செஞ்சவ தம்பிள்ளைக்குக் குடுப்பாளா? உள்ள பாரு. இவ பிள்ளை எதுல நடக்கு?"

ரோஸ்லின் எட்டிப் பாத்தா. உள்ள மைனா மஞ்சள் கட்டையப் பிடிச்சு நின்னு, அதுல வாய வச்சு, எச்சி ஒழுக ஒழுக, பொக்கைச் சிரிப்பு சிரிச்சா.

"இதே வண்டியாக்கா?"

பிரமாச்சி, "இதே வண்டிதான்"னா.

ரோஸ்லின் மூச்சு விட்டா. மொகத்துல இருந்த பயம் அப்படியே எறங்கி, "மன்னிச்சுக்கோங்கக்கா, பெத்த வயிறு, அதான்"னு சொல்லி, ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, "அது பாட்டுக்கு இங்கயே நிக்கட்டும், கிறுக்குத் தெளிஞ்சதும் அனுப்பி வைங்க"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டா. அதுக்கப்பறம் யாரு சண்டைக்கு வந்தாலும் சங்கிலி ஆசாரி அதையேதான் காட்டுனாரு. ஆய்வுக்கூடம் குடுக்காத சர்டிபிகேட்ட மைனா எச்சி ஒழுகக் குடுத்துக்கிட்டிருந்தா.

ஆபீசர் ரெண்டாவது சாம்பிளுக்கு வாரதுக்கு மொத நாளு, சங்கிலி ஆசாரி பொண்டாட்டி சீதாலட்சுமி செரட்டையோட வந்து நின்னா.

"மதினி, நாளைக்கு ஆபீசருக்குக் குடுக்க வண்டி ஒண்ணு எங்க வீட்லதான் அடிக்கோம். நல்லாப் பளிச்சுனு இருக்கணும்னு அவிய சொல்லிட்டாவ. ஒரு கரண்டி உறை தாங்க."

பிரமாச்சி அந்தச் செரட்டையவே பாத்தா. "உறை முறிஞ்சிட்டு மதினி."

"என்னத்த முறிஞ்சிட்டு? பெயிண்ட்டு எங்கயாச்சும் முறியுமா?"

"முறிஞ்சிட்டு. உறை ஊத்தாமலே அடிங்க."

சீதாலட்சுமி அவள மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்ன மதினி, வண்டியெல்லாம் ஒங்க வாசலுக்கு வருதுன்னதும் பவுசு வந்துட்டோ? சரி போங்க, எங்க டப்பாவுலயே அடியில கொஞ்சம் கெடக்கு, அத வழிச்சு ஊத்திக்கிடுதேன்"னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. வாசல்ல வண்டிக்கூட்டத்துல கால் எடறி, "சனியனே, ஒனக்கு வேற வீடு வாசல் இல்லையா?"ன்னு ஒரு வண்டிய எத்துனா. அது கொஞ்ச தூரம் உருண்டு போயி, நின்னு, யோசிச்சு, திரும்பி, பழைய எடத்துலயே வந்து நின்னுச்சு. வந்து நின்ன பொறவு அசையல.

பிரமாச்சி அதப் பாத்துக்கிட்டே இருந்தா. வந்து சேந்த வண்டி எதுவுமே அசையறதில்ல. வீடு வந்து சேந்தாச்சு, இனி எங்க போக?

அவ மெதுவாத் தலையத் திருப்பி வீட்டு மூலையப் பாத்தா. மைனா வண்டி கம்முனு நின்னுச்சு. அது எங்க போவும்? அதுக்கு வீடே இதுதானே.

மறுநாள் காலையில, புருசன்ட்ட ஆஸ்பத்திரின்னும் சொல்லாம, அம்மா வீடுன்னும் சொல்லாம, "இப்ப வந்திருதேன்"னு மட்டும் சொல்லிட்டு, ஒரு கையில மைனா, ஒரு கையில வண்டியோட, தென்காசி பஸ்ஸுல ஏறுனா. கண்டக்டர் பாத்துட்டு, "என்ன மதினி, ஊரு வண்டியெல்லாம் உள்ள வருது, ஒங்க வண்டி மட்டும் வெளிய போவுது?"ன்னான். வழக்கமா அவளும் ஒண்ணு திருப்பிக் குடுப்பா. அன்னிக்கு, "ஒத்தப்பனை விலக்கு"ன்னு மட்டும் சொன்னா.

ஒத்தப்பனை விலக்குல ஒரு பனையும் கெடையாது, ஒரு நெழற்குடைதான் இருக்கும். பஸ் போன பொறவு தூசி அடங்கக் காத்திருந்து, மண்ரோடு சமமா இருக்கிற எடமாப் பாத்து, வண்டிய எறக்கி வச்சா. செவக்காட்டூருக்கு முதுகக் காட்டி, மலையப் பாக்க வச்சா. மைனா கட்டையப் பிடிச்சு எந்திரிச்சு நின்னா. மேலக்காத்து அடிச்சுது. எங்கயோ மயிலு ஒண்ணு அகவுச்சு.

வண்டி அசையல.

அசையல. மைனா "ஆ"ன்னு கத்தி ஒரு தள்ளு தள்ளுனா, வண்டி மலையப் பாத்து நகந்துச்சு, மைனாவும் தத்தக்கா பித்தக்கான்னு கூடவே போனா, இன்னும் கொஞ்சம் தள்ளுனா, இன்னும் கொஞ்சம் போச்சு. பிரமாச்சிக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே அழுகையும் வந்துச்சு, "அட என் தங்கமே, அட என் பூவரசே, நீ நல்ல வண்டிதானே, ஒனக்கு ஒண்ணும் இல்லைதானே"ன்னு அவ பொலம்ப ஆரம்பிச்சா, குத்தாலக் கோயில்ல மொட்டை போடுதேன், சங்கரங்கோயில்ல மாவிளக்கு போடுதேன்னு வேண்ட ஆரம்பிச்சா, எந்தச் சாமிக்கு எதுன்னு தீர்மானிக்கிறதுக்குள்ள, முன்சக்கரம் கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுச்சு.

வண்டி நின்னுச்சு. கன்னுக்குட்டி காத ஆட்டுத மாதிரி கைக்கட்டை லேசா ஆடுச்சு. பொறவு, பைய, ரொம்பப் பைய, பிடிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு வலிச்சிரக் கூடாதுங்கிற மாதிரி, ஒரு அரைவட்டம் அடிச்சுச் செவக்காட்டூர்ப் பக்கம் திரும்புச்சு. மைனாவும் கூடவே திரும்பினா, ராட்டினத்துல சுத்துத மாதிரி கெக்கேக்கேன்னு சிரிச்சா. வண்டி போக ஆரம்பிச்சுச்சு. மொதல்ல மைனா கூடப் போனா, பொறவு வேகம் கூடுச்சு, மஞ்சள் கட்டை எச்சி வழுக்கி அவ கையவிட்டு நழுவுச்சு. வண்டி கடகடகடன்னு, தெரிஞ்ச ரோட்டுல, திரும்பிப் பாக்காம போயிட்டு.

நடுரோட்டுல மைனா நின்னா. ரெண்டு கையும் முன்னால நீட்டினபடி, பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம. கால் நடுங்குச்சு. மொகம் கோணுச்சு. விழப் போறா. பிரமாச்சிக்கு ஓடிப் போயித் தூக்கணும்னு இருந்துச்சு, ஆனா ஓட முடியல, இருந்த எடத்துலயே மண்ணுல உக்காந்துட்டா. வேற என்ன செய்யன்னு தெரியாம முந்தானைய விரிச்சுப் பிடிச்சா. கொரலு எழும்பல. அன்னிக்கு நாலு தெசைக்கும் கேக்குத மாதிரி கத்துனவளுக்கு இப்ப காத்துதான் வந்துச்சு.

"பா... பா... பா..."

மைனா திரும்பிப் பாத்தா. ஒரு கால எடுத்து வச்சா. ஆடுனா, நின்னா. இன்னொரு கால எடுத்து வச்சா. பொறவு ரெண்டு காலும் எதப்பத்தியும் யோசிக்காம ஓட ஆரம்பிச்சு, அம்மா மடியில வந்து தொப்புன்னு விழுந்துச்சு.

பிள்ளை மொத மொதல்ல நடந்தா தெருவக் கூட்டி அரிசிமாவுல கொழுக்கட்டை அவிப்பாங்க. பிரமாச்சி அங்க ஒத்தையில உக்காந்து பிள்ளைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்தா.

தென்காசி போன பஸ் திரும்பி வந்துச்சு. "எங்க மதினி, வண்டியக் காணும்?"

"முன்னால போவுது. திருநெவேலி ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட்டு குடு. நடுவுல எங்க தெருமுனையில செத்த நேரம் நிறுத்தணும். நிறுத்துவியா?"

கண்டக்டர் அவ மொகத்தப் பாத்தான். வாய்க்கு வந்த கேலிய அப்படியே முழுங்கிட்டு, விசிலடிச்சான்.

பட்டறத் தெருமுனையில கூட்டமா இருந்துச்சு. ஆபீசரம்மா வந்திருந்தா. பளபளன்னு ஒரு நடவண்டிய ரெண்டு கையிலயும் தாங்கலா, பிள்ளைக்குப் பேரு விடுத மாதிரி ஏந்திக்கிட்டுச் சங்கிலி ஆசாரி நின்னாரு. பிரமாச்சி பஸ் சன்னல் வழியாத் தலைய நீட்டினா.

"அண்ணாச்சி, அதக் குடுக்காதிய. அந்த மஞ்சள்ல எங்க உறை இருக்கு."

"எந்த உறை?"ன்னாரு சங்கிலி ஆசாரி.

சீதாலட்சுமி கையில இருந்த செரட்டைய முதுகுக்குப் பின்னால மறச்சா.

பிரமாச்சி சொல்லிட்டா. லாரி மஞ்சள், மிச்சக் கரண்டி, எந்தெந்த வீட்டுக்குக் குடுத்தா, எல்லாத்தையும். யாரு மாதிரியும் பேசாம, அவ மாதிரியே பேசுனா. அது அவளுக்கே புதுசா இருந்துச்சு. ஆபீசர் கண்ணாடியக் கழட்டி, "ஏம்மா, அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?"ன்னு கேட்டா.

"பாலுக்கு உறை ஊத்துதவள யாராச்சும் பாலக் கெடுத்தான்னு சொல்லுவாங்களா மேடம்? நான் தயிராக்குததாத்தான் நெனச்சேன்." பொறவு எல்லாருக்கும் கேக்குத மாதிரிச் சொன்னா, "பிள்ளையத் தூக்கிட்டு ஏறுங்க. என்னைய ஏசணும்னா வழியெல்லாம் ஏசுங்க. பஸ் நிக்கும்போதே ஏறுங்க."

சங்கிலி ஆசாரி கையிலருந்த வண்டியக் கீழ வச்சாரு. அவரு மொகம் போற போக்கப் பாத்து, அடிக்கத்தான் வாராருன்னு குத்தாலம் குறுக்க போனான். அவரு குத்தாலத்தத் தள்ளிட்டு, உள்ள போயி, தூங்கிக்கிட்டிருந்த பேரனத் தூக்கிட்டு வந்து, எடம் பிடிக்கத் துண்டு போடுத மாதிரி சன்னல் வழியா அவனப் பிரமாச்சி மடியில போட்டாரு. "பிடி. நான் படி வழியா வாரேன். ஒன்னைய ஏசணும், அதுக்கு உக்கார எடம் வேணும்"னாரு. அதுக்கப்பறம் ஒவ்வொரு சன்னல் வழியாவும் பிள்ளைங்க வந்துச்சு. ஆபீசரம்மாவும் ஏறுனா. "ஆலடிப்பட்டியிலயும் நிறுத்து, ரோஸ்லின்னு ஒருத்தி ஏறணும்"னு பிரமாச்சி சொன்னா. கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்னான்.

தெருவுக்குள்ள, மைனா வண்டி வண்டிக்கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் போயி, நெலப்படியில மெதுவா ஒரு முட்டு முட்டுச்சு. உள்ள யாரும் இல்ல. இன்னொரு தடவ முட்டுச்சு.

பஸ் கெளம்புச்சு. சங்கிலி ஆசாரி ஏச ஆரம்பிச்சிருந்தாரு. பிரமாச்சிக்கு ஒண்ணும் காதுல விழல. மடியில ரெண்டு பிள்ளை. சங்கிலி ஆசாரி பேரன் தூங்குதான், மைனா நடக்கணும் நடக்கணும்னு கால உதறுதா. அவ வாயோரத்துல, எச்சி காஞ்ச எடத்துல, கடுகளவுக்கு ஒரு துணுக்கு மஞ்சள் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பிரமாச்சி முந்தானையால அதத் தொடைச்சா. அது போயிருச்சு. திரும்பவும் தொடைச்சா. ஆலடிப்பட்டி வந்துச்சு, பஸ் நின்னுச்சு, ரோஸ்லின் பேரச் சொல்லிக் கண்டக்டர் கூப்பிட்டான், அவ இன்னும் தொடைச்சுக்கிட்டே இருந்தா.